நீட்டிய கை

கில்வாரா, கானமாரா
4 அக்டோபர் 1983

பெருமதிப்பிற்குரிய பாடகர் திரு. ஃபெஸ்டஸ் கானீலி அவர்களுக்கு,

தாங்கள் டப்ளினுக்கு நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் அக்கா சபீனாவும் அவள் கணவன் கோல்மனும் பிள்ளைகளும் நலம். தாங்கள் மறந்துவிட்டுப் போன கம்பளிக் குல்லாவை இத்துடன் அனுப்புகிறேன். இரண்டு தண்ணீரில் அலசித்தான் அனுப்புகிறேன். மீன் வாடை இருக்காது.

போதும், இந்த மரியாதை எழுத்து எனக்கு வராது. டேய் ஃபெஸ்டி, சனிக்கிழமை பார்ட்லியின் பப்பில் என்னடா செய்தாய்?

தொலைக்காட்சிக்காரர்கள் உன் வாழ்க்கையைப் படம் பிடிக்க வருகிறார்கள், பாட்டுக்காரன் பிறந்து வளர்ந்த இடம் என்று ஊரே சாயம் போகாத சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. நீயும் உன் பாட்டுகளைப் பாடினாய். அப்புறம் படமெடுக்க வந்த அந்த ஹிலரி அம்மாள் உன் கிடாரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "ஊர்ப் பாட்டு ஒண்ணு, சும்மா வாயால பாடுங்களேன், பாக்கலாம்" என்றாள். நீ அந்தப் படகுப் பாட்டை எடுத்தாய். உனக்கு அதைப் பாடத் தெரியும். ஆனால் மூன்றாவது அடியில் குரல் தளர்ந்தது. நான் சுவரோரம் நின்றிருந்தேன், எனக்குக் கேட்டது. பாடுகிறவன் கையைப் பிடித்து மெல்லச் சுற்றிக்கொடுத்துப் பாட்டைத் தாங்குவது நம் ஊரில் அனுமதி கேட்டுச் செய்கிற காரியமா? சுவரை விட்டு வந்து உன் கையைப் பிடித்தேன்.

நீ வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய்.

என் கை அப்படியே நின்றது. மடக்கவும் தெரியவில்லை, நீட்டவும் தெரியவில்லை. பிச்சை கேட்டும் கிடைக்காதவள் மாதிரி அத்தனை பேர் நடுவில் நின்றேன். பக்கத்து வீட்டு நோரா கேரி தொண்டையைச் செருமினாள். நீ பாட்டை முடித்துவிட்டு அந்த அம்மாளிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. "அது ஒண்ணுமில்லீங்க, இந்தப் பக்கத்துப் பழக்கம். கண்டுக்காதீங்க." அவள் சிரித்துக்கொண்டு, "இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கு, படத்துல இருக்கட்டும்" என்றாள்.

குல்லா பத்திரம்.

சபீனா


டப்ளின்
13 அக்டோபர் 1983

அன்புள்ள அக்கா,

குல்லா வந்தது. நன்றி.

நீ இப்படி எடுத்துக்கொள்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நடந்தது ஒன்று, நீ நினைத்தது வேறு. என் சட்டைக் கைக்குள் மைக் ஒயரைச் செருகியிருந்தார்கள். கையை ஆட்டினால் கரகரவென்று சத்தம் வரும் என்று முன்னமே எச்சரித்திருந்தார்கள். நான் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தேன், யார் கை என்றே தெரியாது. ஹிலரியிடம் சொன்னதும் உன்னைப் பற்றி அல்ல. நகரத்துக்காரிக்கு என்னவென்று விளக்குவது? ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஸ்டுடியோவில் நீண்ட பேட்டி. என்னை உருவாக்கியவர்கள் யார் யார், எந்த இசை எங்கிருந்து வந்தது என்றெல்லாம் கேட்பார்களாம். லண்டனில் கேம்டன் பப்புகளில் பாடிய நாட்கள், பாலட் பாட்டுக் குழு, பிறகு தனியாக முதல் இசைத்தட்டு, அமெரிக்கப் பயணம், எல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். பாஸ்டனிலிருந்து டிம் மாமா இசைத்தட்டுப் பார்சல் அனுப்பியது எனக்கு எத்தனை வயதில் என்று உனக்கு நினைவிருக்கிறதா? அதில் இருந்த மிசிசிப்பிக் கிழவரின் கிடார்தான் என் வலது கையை உருவாக்கியது என்று எல்லாப் பத்திரிகையிலும் சொல்லியிருக்கிறேன். ஆண்டு தப்பாகிவிடக் கூடாது.

கோல்மன் மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
ஃபெஸ்டி


கில்வாரா
24 அக்டோபர் 1983

ஃபெஸ்டி,

ஒயர் உன் வலது கைச் சட்டையில் இருந்தது. நான் பிடித்தது இடது கை. யார் கை என்று தெரியாதாம். சின்ன வயதிலிருந்து அந்தப் பாட்டுக்கு உன் கையைப் பிடித்தவள் என்னைத் தவிர வேறு யார்?

உன் மிசிசிப்பிக் கிழவரின் கதையை நான் சொல்லட்டுமா? பார்சல் வந்தபோது உனக்குப் பதினான்கு வயது. நம் வீட்டில் இசைத்தட்டை ஓட்டுகிற கருவி கிடையாது. அட்டையில் அந்த மனிதர் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு சாந்தமாக உட்கார்ந்திருப்பார். அம்மா அவரை ஏதோ வெளிநாட்டுப் புனிதர் என்று நினைத்து அடுப்புக்கு மேலே, புனித மார்ட்டின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். நோரா கேரி வீட்டுக்குள் வரும்போதெல்லாம் இருவருக்கும் சேர்த்துச் சிலுவை போடுவாள். பாதிரியார் வந்து விழுந்து விழுந்து சிரித்த பிறகும் அம்மா கழற்றவில்லை. "நல்ல முகமாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். பள்ளிக்கூடத்தில் கருவி வாங்கியபோது நீ லண்டனுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். அட்டையைப் பார்த்தேவா கிடார் கற்றுக்கொண்டாய்? போய்ப் பேட்டியில் சொல், நல்லாயிருக்கும்.

சரி, விளையாட்டை விடு. நீ ஏன் கையை இழுத்தாய் என்று எனக்குத் தெரியும், நீ சொல்லமாட்டாய், நான் சொல்கிறேன். அன்றைக்குக் காலையில் நான் மீன் வெட்டுகிற கொட்டகையில் கானாங்கெளுத்தி குவிந்து கிடந்தது. வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து சலவைச் சோடா போட்டுக் கையைத் தேய்த்தேன். எலுமிச்சைத் தோலை வைத்தும் தேய்த்தேன். கோல்மன் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கா போற?" என்றான். "தம்பியப் படம் புடிக்கிறாங்கல்ல" என்றேன். தோல் எரிந்தது. அப்படியும் உனக்கு நாறியிருக்கிறது.

அந்தத் துண்டை ஊர் உலகம் பார்க்கக் கூடாது. உன் ஹிலரியிடம் சொல்லி நீக்கச் சொல். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் பார்ட்லியின் பப்புக்குப் போகிறார்கள், நான் நேரே வீட்டுக்கு வருகிறேன். பாட்டு நடக்கிற இடத்தில் எனக்கு இனி வேலை இல்லை.

சபீனா


டப்ளின்
20 நவம்பர் 1983

அன்புள்ள அக்கா,

ஒரே வரியில் நல்ல செய்தி: நீக்கியாகிவிட்டது.

ஹிலரிக்கு மனமே இல்லை. படத்திலேயே உயிருள்ள இடம் அதுதான் என்று வாதாடினாள். "அக்காவுக்கு அது புடிக்கல, வேண்டாம்னா வேண்டாம்" என்று நான் விடாப்பிடியாக நின்றுவிட்டேன். உன்னைக் காட்டும் எந்தக் காட்சியும் வராது. கடைசியில் எல்லோரும் சிரிக்கும் இடத்தில் நீ ஓரமாகத் தெரிந்தாய், அதையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். நீ நிம்மதியாக இருக்கலாம்.

டிசம்பர் 4, ஞாயிறு மாலை ஒளிபரப்பு. பேட்டி நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள்.

ஃபெஸ்டி


கில்வாரா
5 டிசம்பர் 1983

ஃபெஸ்டி,

பார்த்தோம். வீட்டில்தான் பார்த்தோம். பிள்ளைகள் டீயையும் ரொட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு, "மாமா! மாமா!" என்று கத்தினார்கள். சின்னவள், "அம்மா, நீ எப்ப வருவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் கேட்டாள்.

கையை நீக்கச் சொன்னேன். என்னை நீக்கச் சொன்னேனா?

ஒரு மணி நேரம் பேசினாய். மிசிசிப்பிக்காரரைச் சொன்னாய். ரேடியோ லக்சம்பர்க்கைச் சொன்னாய். கோவில் பாடகர் குழுவையும் அந்த லத்தீனையும் சொன்னாய். கேம்டனில் உனக்கு முதல் பியர் வாங்கிக் கொடுத்த கார்க் ஊர்க்காரனைக்கூட மறக்கவில்லை. பார்ட்லியின் நாய் இரண்டு முறை வந்தது. கூடப் பிறந்தவள் ஒருத்தி உண்டு என்று ஒரு வார்த்தை இல்லை. உனக்கு இருமல் வந்த காலத்தில் ராத்திரியெல்லாம் முதுகைத் தடவியவள் நான். அதையெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் எதுவுமே இல்லாமலா?

இன்று காலை கடையில் நோரா கேரி, "உன் தம்பி நல்லாப் பேசினான்டி" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெண்ணெயைப் பார்த்தாள். அதற்கு அன்றைக்கு அவள் செருமியதே மேல்.

எனக்கு உன்மேல் கோபம்கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது. கூப்பிடாத இடத்தில் கையை நீட்டியது நான்தானே. உன்னை அந்தக் காலத்துப் பையன் என்றே நினைத்துக்கொண்டு நீட்டிவிட்டேன். இனிமேல் எழுதாதே.

சபீனா


டப்ளின்
11 டிசம்பர் 1983

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

உன்னிடம் சொன்னதெல்லாம் பொய். ஒயரால்தான் இழுத்தேன் என்றதும் பொய், யார் கையென்று தெரியாது என்றதும் பொய். உன் காலடி எனக்குத் தெரியாதா? நீ சுவரை விட்டு நகர்ந்தபோதே தெரிந்துவிட்டது.

லண்டனில் முதன்முதலாக மேடை ஏறியது கேம்டனில்தான். கட்டட வேலை முடிந்து சிமென்ட் தூசியோடு போனேன். பாடச் சொன்னார்கள். கண்ணை மூடி ஆரம்பித்தேன். கை நடுங்க ஆரம்பித்தது. குளிர் நடுக்கம் மாதிரி இல்லை, தோள் வரைக்கும் உதறியது. முன்னால் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அப்படி ஒரு நடுக்கம் உண்டு என்றே அதுவரை தெரியாது. எப்படித் தெரியும்? ஊரில் பாடின நாளெல்லாம் கை உன்னிடம் இருந்தது.

அடுத்த வாரச் சம்பளத்தில் பழைய கிடார் ஒன்று வாங்கினேன். இசைக்காக இல்லை, கைகளை ஒளித்து வைக்க. மிசிசிப்பிக்காரர் நல்ல மனிதர், அவர் வாசிப்பைப் பின்னால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் என் வாசிப்பு அவருடையது இல்லை என்று கிடார் தெரிந்த எவனுக்கும் தெரியும். வலது கை கம்பிமேல் உருளுகிறதே, மெதுவாக மேலே ஏறி, அடி முடிகிற இடத்தில் கொஞ்சம் தயங்கி, அப்புறம் இறங்குகிறதே, அது எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைக்காரன் கேட்கும்போதெல்லாம் அமெரிக்கா என்று கை காட்டிவிடுவேன். அது நீ என் கையைச் சுற்றுகிற சுற்று. இத்தனை வருஷமும், இத்தனை ஊரிலும், அதை மட்டும்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். என் பாட்டில் நான் சம்பாதித்தது என்று சொல்ல வேறு எதுவும் இல்லை.

அன்றைக்கு ஹிலரி கிடாரை வாங்கி வைத்துவிட்டாள். கை வெறுமையாகிவிட்டது. மேசைக்கு அடியில் முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டேன். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் குரல் தளர்ந்தது. நீ வந்து பிடித்தால் கை மேலே வரும், விளக்கு வெளிச்சத்துக்கு வரும், பெரிய பாட்டுக்காரன் ஆடிப்போய் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். இழுத்துக்கொண்டேன். அப்புறம் அதை மூடி மறைக்க நீ செய்ததை ஏதோ பழக்கம் என்றும் கண்டுக்காதீங்க என்றும் சொல்லி முடித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் இதுவும் ஒரு பேட்டி ஆகிவிடும். கண்ணைத் திறந்து உன் கையைப் பார்த்தேன். சிவந்து, வெடித்து, கத்தி பட்ட தழும்போடு இருந்தது. ஒரு கணம் அதை ஹிலரியின் கண்ணால் பார்த்தேன். வாடை எதுவும் வரவில்லை அக்கா, சத்தியமாக வரவில்லை. ஆனால் பார்த்தேன். எழுதக் கூசுகிறது. என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஸ்டீபன் திருநாள் அன்று மதியம், பார்ட்லியின் பப்புக்கு வருகிறேன். கேமரா கிடையாது. கிடாரும் கொண்டு வரமாட்டேன். நீ வர வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஃபெஸ்டி


கில்வாரா
28 டிசம்பர் 1983

ஃபெஸ்டி,

நீ வந்தாய், பாடினாய், என் வீட்டு வாசலை மிதிக்காமலே போய்விட்டாய். மிதித்திருந்தால் கதவைத் திறந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது, அதனால் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஆள்மேல் ஆள் வந்து சொல்லிவிட்டார்கள். முதலில் நோரா கேரி. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "அடியே சபீனா, உன் தம்பி கைய நீட்டிட்டே உக்காந்திருந்தான்டி. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும். காத்துல ஆடுற துணி கணக்கா ஆடுச்சு, மடக்கவே இல்ல" என்றாள்.

"பக்கத்துலதானே இருந்தீங்க? புடிக்கிறதுக்கென்ன?" என்றேன்.

"நாங்க எப்படிடி புடிக்கிறது? அது எங்க எடமா?" என்றாள்.

பிறகு பார்ட்லி வந்தான். அவன் எழுந்திருக்கப் போனானாம், அவன் மனைவி சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாளாம். "மூணாவது அடியில குரல் உடைஞ்சு போச்சு, சபீனா. நிறுத்திடுவான்னு நெனச்சேன். நிறுத்தல. உடைஞ்ச குரலோடவே பாடி முடிச்சான். யாரும் கை தட்டல. தட்டத் தோணல" என்றான். கோல்மன் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தான், அவன் ஊற்றிக் கொடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

நான் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். நான் அங்கே இருந்தேன்.

பப்பின் பின்பக்கம், காலிப் பீப்பாய்கள் அடுக்கியிருக்கிற சுவரோரம், கோல்மனின் கோட்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றேன். அந்தச் சின்ன ஜன்னலில் உன் முதுகும் நீட்டிய கையும் தெரிந்தன. படட்டும் என்று நினைத்தேன். நான் பட்ட அவமானத்தை அவனும் பட்டுப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை, அது என் பையில்தான் இருந்தது, அப்படியும் நினைத்தேன். நீ பட்டாய். எனக்கு மனம் நிறையவில்லை.

உள்ளே போக வாசல் வரை வந்தேன். ஈரக் கோட்டோடு, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது நடுவில் நடந்து வர எனக்கு வெட்கமாக இருந்தது. நம் குடும்பத்துக்கே இந்தச் சனியன் பிடித்திருக்கிறது. திரும்பவும் பீப்பாய்கள் பக்கமே போய்விட்டேன். அப்போதுதான் மூன்றாவது அடி வந்தது, உன் குரல் உடைந்தது.

என் கை தன்னால் எழுந்துவிட்டது, ஃபெஸ்டி. நான் எழுப்பவில்லை. மேலே போய், தயங்கி, இறங்கி, மறுபடி மேலே போனது. கடைசி அடி வரைக்கும் மழையில் நின்று வெறுங்காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பார்ட்லியின் நாய் மட்டும் பார்த்தது. படத்தில் இரண்டு முறை வந்த நாய் அல்லவா, அதற்கு எல்லாம் பழக்கம். நீ நிறுத்தாமல் பாடி முடித்தது அதனால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எனக்கு அப்படி நினைத்துக்கொள்ளப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி முதல் தேதி, பிரிஜிட் திருநாளுக்கு வருவதாகப் பார்ட்லியிடம் சொல்லிவிட்டுப் போனாயாம். உன் இடது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கொட்டகையில் வேலை நாள். முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே வருவேன். சோடா போட்டெல்லாம் தேய்க்க மாட்டேன்.

சபீனா